ஏழு ஸ்டோன் பத்து

1955 ஏப்ரல் 30, சனி

மூன்று வாரம் தடை. இரண்டாவது ரேஸில் வளைவு திரும்பும்போது பக்கத்துக் குதிரையின் குறுக்கே புகுந்துவிட்டேனாம். புகுந்தேன்தான். இடம் இருக்கிறது என்று நினைத்தேன், இல்லை. மே 20 வரை பந்தயத்தில் ஏறக்கூடாது, எடை அறைப் பக்கம் தலைகாட்டக்கூடாது. ஊட்டி சீசனில் எனக்குப் பாதி போச்சு.

டிரெய்னர் நரோனா வெளியே நின்றிருந்தார். பட்டாளத்தில் கேப்டனாக இருந்தவர், வாயைத் திறந்தால் வசைதான் வரும். இன்றைக்குத் திட்டாமல் தோளில் கை வைத்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மே 21 கோப்பைப் பந்தயத்தில் அவருடைய சில்வர் லேஸ் ஓடுகிறது. ஏறுபவனும் சேணமுமாக ஏழு ஸ்டோன் பத்து ராத்தல்தான் அதற்குச் சுமை வரும் என்று கணித்து வைத்திருக்கிறார். அந்த எடைக்கு வந்தால் நீ ஏறு, வராவிட்டால் ஷெரீப் ஏறுவான் என்றார். அந்தப் பெண் குதிரையைக் குட்டியிலிருந்து பழக்கியவன் நான். ஷெரீப்புக்கு இருபத்திரண்டு வயசு, சோற்றைப் பார்த்தாலும் எடை ஏறாத உடம்பு.

போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டார். அடுத்த வருஷம் கிண்டியில் குதிரைகளுக்குக் காலை ஓட்டம் மட்டும் பார்த்துக்கொள்கிறாயா, அதற்கு எடைத் தொல்லை இல்லை என்று. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். முப்பத்தாறு வயசு ஒரு வயசா?

இந்த டைரி புது வருஷத்துக்குக் குதிரை முதலாளி ஒருவர் கொடுத்தது. நாலு மாதமாக வெள்ளையாகக் கிடந்தது. தின்பதையும் எடையையும் எழுதி வைக்கும்படி டாக்டர் சொன்னதால் இன்று திறந்தேன்.

இன்று காலை எடை அறையில், வெறும் டவுசர் பனியனோடு, எட்டு ஸ்டோன் மூன்று. சேணம், பூட்ஸ், பட்டுச் சட்டை எல்லாம் சேர்ந்து மூன்று ராத்தல். ஆகவே உடம்பு ஏழு ஸ்டோன் ஏழில் நிற்க வேண்டும். எட்டு மூன்றில் ஏழு ஏழைக் கழித்தேன். மூன்றில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கினால் பதின்மூன்று, ஏழு போனால் ஆறு. ஆறே ராத்தல்தானா என்று அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஸ்டோனிலிருந்து கடன் வாங்கினால் பத்து வராது, பதினாலு ராத்தல் வரும். பதினேழில் ஏழு போனால் பத்து. பத்து ராத்தல் குறைய வேண்டும். பதினெட்டு வருஷமாகக் குதிரை மேல் இருக்கிறேன், இந்தக் கழித்தல் இன்னும் வரவில்லை.

மே 1, ஞாயிறு

லாயத்து அறையைக் காலி செய்துவிட்டேன். அங்கே எல்லாரும் என் தட்டையே பார்க்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் அறை கிடைத்தது. வீட்டுக்காரி ராமாத்தா, கொழுந்து பறிக்கிறவள், நாற்பத்தைந்து வயசிருக்கும். புருஷன் மேட்டுப்பாளையத்தில் லாரி ஓட்டுகிறானாம், மாதத்துக்கு ஒரு தடவை வருவான்.

வந்ததும் தட்டு நிறைய இட்லி கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. என் கஷ்டத்தை எப்படிச் சொல்வது? இட்லி ஒன்று இரண்டு அவுன்ஸ். எட்டு இட்லி ஒரு ராத்தல். நூற்றுப் பன்னிரண்டு இட்லி ஒரு ஸ்டோன். சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 2, திங்கள்

எடை பார்க்க வழியில்லாமல் அலைந்ததுதான் மிச்சம். ரயில்வே ஸ்டேஷன் மெஷின் இரண்டு தடவை என் அணாவை விழுங்கிவிட்டு, "உமக்கு நல்ல காலம் பிறக்கிறது" என்று மட்டும் அச்சடித்த அட்டையைத் தள்ளியது. எடை இருக்க வேண்டிய இடத்தில் மை இல்லை. விறகுக் கடையில் கேட்டேன், மணங்கில்தான் நிறுப்பார்களாம், ஒரு மணங்கு இருபத்தைந்து ராத்தல்.

கடைசியில் ராமாத்தாதான் சொன்னாள், கொழுந்துக் கொட்டகையில் பெரிய முள் தராசு இருக்கிறது என்று. உத்தரத்திலிருந்து தொங்கும் வட்டத் தராசு, கீழே கொக்கி. பெண்கள் நாளைக்கு மூன்று வேளை கூடையை அதில் மாட்டி நிறுப்பார்கள். உர மூட்டையும் அதிலேயே நிறுப்பதால் நூற்றைம்பது ராத்தல் வரை கோடு போட்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை தெய்வசிகாமணி ரேஸ் பித்து. சனிக்கிழமைக்கு எந்தக் குதிரை என்று காதோடு சொன்னேன், உடனே வழி விட்டார்.

கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு தொங்கினேன். கசாப்புக் கடை ஆடு மாதிரி இருந்திருப்பேன், பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். முள் நூற்றுப் பதினொன்றில் நின்றது. சனிக்கிழமை எட்டு மூன்று, அதாவது நூற்றுப் பதினைந்து. இரண்டு நாளில் நாலு ராத்தல்! நேற்று ஒரு வாய் சோறு இல்லை, மலைமேல் கம்பளிச் சட்டையோடு ஓடினேன். உடம்பு இன்னும் சொன்னபடி கேட்கிறது. நரோனா வந்து பார்க்கட்டும்.

தோட்டத்தில் ஸ்டோன் என்ற பேச்சே கிடையாது, எல்லாம் ராத்தல்தான். ஒவ்வொரு நாளும் பதினாலால் வகுக்க வேண்டும். வாய்ப்பாடு எழுதி வைக்கிறேன்: 14, 28, 42, 56, 70, 84, 98, 112.

111: ஏழு ஸ்டோன் பதின்மூன்று.

மே 4, புதன்

விளக்கெண்ணெய். வேறு எழுதுவதற்கில்லை.

மே 7, சனி

109. ஏழு பதினொன்று.

காலையில் பாதி முட்டை, உப்பில்லாமல். மத்தியானம் எலுமிச்சம்பழத் தண்ணீர். சாயங்காலம் ஒன்றுமில்லை. அடுத்த அறையில் ராமாத்தா கருவாடு வறுத்தாள். வேண்டுமென்றே செய்கிறாளோ என்று தோன்றியது.

அவளும் புலம்பிக்கொண்டே வந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது ராத்தல் பறித்தால்தான் முழு நாள் கூலி, குறைந்தால் அரை நாள். இன்றைக்கு முப்பத்தெட்டு. முந்தாநாள் முப்பத்தொன்பது. கூடை நிறைய அமுக்கித்தான் பறிக்கிறாளாம், தராசில் மாட்டினால் இல்லை என்கிறதாம். வயசாகிறது, கைவேகம் குறைந்திருக்கும் என்றேன். உண்மையைச் சொன்னால் கோபம் வருகிறது, கதவைச் சாத்திக்கொண்டாள். ஆளாளுக்கு ராத்தல் கவலை. எனக்குக் குறைய மாட்டேன் என்கிறது, அவளுக்குக் கூட மாட்டேன் என்கிறது.

மே 11, புதன்

107. ஏழு ஒன்பது.

ஊரிலிருந்து மனைவி ரஞ்சிதத்தின் கடிதம். கேப்டன் சொன்ன வேலைக்கு ஒத்துக்கொண்டு வந்துவிடுங்கள், பட்டினி கிடந்தது போதும், உங்கள் கன்னத்தில் குழி விழுந்து பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். நரோனா அவளிடமும் பேசியிருக்கிறார். பதில் எழுதவில்லை. தபால் கார்டு வாங்க வேண்டும்.

காலையில் படியில் கால் இடறியது. மழை ஈரம். விழுந்த இடத்தில் நெற்றியில் சின்னக் காயம், பெரிதாக ஒன்றுமில்லை. கண் திறந்தபோது ராமாத்தா மடியில் என் தலை இருந்தது, முகமெல்லாம் தண்ணீர். அவள் வேலைக்கு ஒரு மணி நேரம் லேட். ஈரப் படியில் யார்தான் வழுக்கமாட்டார்கள்?

மே 14, சனி

106. ஏழு எட்டு. மூன்று நாளைக்கு ஒரே ஒரு ராத்தல்.

இன்று ரேஸ். கூட்டத்தின் சத்தம் காற்றில் இங்கே வரை வந்தது. நான் முற்றத்தில் ரப்பர் துணியைச் சுற்றிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தேன்.

யார் போட்ட கணக்கு இது? பதினாறு அவுன்ஸ் ஒரு ராத்தல். பதினாலு ராத்தல் ஒரு ஸ்டோன். எட்டு ஸ்டோன் ஒரு அந்தர். இருபது அந்தர் ஒரு டன். பதினாறு, பதினாலு, எட்டு, இருபது. ஏணியில் ஒரு படி முழங்கால் உயரம், அடுத்த படி இடுப்பு உயரம் என்று வைத்தால் எவன் ஏறுவான்? வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய் எட்டு வருஷம் ஆகப்போகிறது, இதைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கடவுள் கையில் பத்து விரல்தான் வைத்திருக்கிறான். பதினாலுக்கு நான் கால் விரலை எண்ண வேண்டியிருக்கிறது.

கோபத்தில் ராமாத்தாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் ரசம் கொதிக்கவைத்தாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

மே 16, திங்கள்

எடைப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். சில்வர் லேஸுக்கு ஏழு பத்து. நரோனா கணிப்பு இம்மி பிசகவில்லை. லாயத்துக்குப் போய்க் குதிரையைப் பார்த்தேன். என் சட்டைப் பையை மோந்து பார்த்தது, எப்போதும் வெல்லம் இருக்கும். இன்றைக்கு வெல்லம் கொண்டுபோகவில்லை. கையில் இருந்தால் நான் தின்றிருப்பேன்.

மே 18, புதன்

104! ஏழு ஸ்டோன் ஆறு!

வேண்டியது நூற்றைந்து. ஒரு ராத்தல் கைவசம். மூன்று தடவை தொங்கினேன், மூன்று தடவையும் நூற்றுநாலு. 98 போக ஆறு. நூறு தடவை வகுத்தாலும் அதுதான். கணக்குப்பிள்ளை கைகொடுத்தார், சனிக்கிழமை சில்வர் லேஸ் மேல் பணம் போடப்போகிறாராம். தாராளமாகப் போடுங்கள் என்றேன்.

மே 20, வெள்ளி

காலையில் 104. அசையவில்லை.

கைவசம் ஒரு ராத்தல் இருக்கும்போது வாயைக் கட்டுவானேன்? சாயங்காலம் ராமாத்தாவிடம் நானே போய் இட்லி இருக்கிறதா என்று கேட்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடி, அரை டம்ளர் காபி. கணக்குப் பார்த்தால் எட்டு அவுன்ஸ். இருபது நாளுக்கு அப்புறம் முதல் வாய் உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்ப்பொடி காரம்.

மே 21, சனி

இன்று எழுத முடியாது.

மே 22, ஞாயிறு

எழுதித் தொலைக்கிறேன்.

எடை அறையில் நிறுப்பவர் மிஸ்டர் ரோச். சங்கிலியில் தொங்கும் நாற்காலியில் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் ஏழு பத்துக்கான படிக்கற்களை வைத்தார். நாற்காலி மேலே எழும்பவே இல்லை. ஒன்று சேர்த்தார். இன்னொன்று. இன்னொன்று. "ஏழு பதின்மூன்று" என்றார். தவறு, மறுபடி பாருங்கள் என்றேன். பார்த்தார். ஏழு பதின்மூன்று.

இரண்டு ராத்தல் வரை கூடினால் பலகையில் எழுதிவிட்டு ஏறலாம். எனக்கு மூன்று கூடுதல். பூட்ஸைக் கழற்றி மெல்லிசான ஜோடி ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டேன். பனியனைக் கழற்றினேன். வெள்ளி அரைஞாணை அறுத்தேன், அது என் அம்மா கட்டியது. திரும்ப உட்கார்ந்தேன். ஏழு பன்னிரண்டரை. அரை ராத்தல் இடிக்கிறது. எட்டு அவுன்ஸ். இரண்டு இட்லி, அரை டம்ளர் காபி.

நரோனா என் மடியிலிருந்து சேணத்தை எடுத்துக்கொண்டார். ஷெரீப் பட்டுச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கதவருகே தயாராக நின்றான். அவனை அங்கே வைத்திருந்தது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசை. காலையிலேயே பார்த்தேன்.

சில்வர் லேஸ் ஜெயித்தது. அரைக் குதிரை நீளத்தில். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே கடைசி வளைவில் மூச்சை அடக்கி வைத்து, நேர்பாதையில் விட்டாள். வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஜெயிக்கக்கூடாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அது என் குதிரை. அப்படி நினைத்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாரும் போனபிறகு ரோச்சிடம் போய்ச் சேணம் இல்லாமல் ஒரு தடவை நிறுக்கச் சொன்னேன். பனியன் டவுசரோடு, ஏழு ஸ்டோன் பத்து. குதிரை சுமக்க வேண்டிய எடை அப்படியே சேணமில்லாமல் என் உடம்பாக உட்கார்ந்திருக்கிறது. எழுதிக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்காமல் தேதி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். பரிதாபப்பட்டிருப்பார்.

வழியெல்லாம் ரேஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் வகுத்துக்கொண்டே நடந்தேன். என் வகுத்தல்தான் தப்பு என்று நினைத்தேன், நான் அதில் எப்பேர்ப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாதா? 104, பதினாலு ஏழு தொண்ணூற்றெட்டு, மீதி ஆறு. எப்படிப் போட்டாலும் ஏழு ஆறு. நேராகக் கொட்டகைக்குப் போனேன். கடைசி நிறுவை முடிந்து தெய்வசிகாமணி பூட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே பனியன் டவுசரோடு தொங்கினேன். 104. கையிலிருந்த சீட்டில் ஏழு பத்து, அதாவது 108.

தராசு நாலு ராத்தல் குறைத்துக் காட்டுகிறதே என்றேன். ஆமாம், கூடையின் எடையைக் கழிக்க முள்ளை நாலு ராத்தல் பின்னால் தள்ளி வைத்திருக்கிறது, முதல் நாலு ராத்தலுக்கு முள் அசையாது, பூஜ்யத்தில் ஆணி தடுக்கும் என்று நிதானமாக விளக்கினார். நான் முதல் நாள் தொங்கியபோதே ஏன் சொல்லவில்லை?

"நீங்க கேக்கலீங்களே. முள்ளு எறங்க எறங்க உங்க மூஞ்சி மலந்துச்சு. அதை எதுக்குக் கெடுக்கறதுன்னு இருந்துட்டேன்."

அவர் பணமும் போயிருக்குமே என்று கேட்டேன். இல்லையாம். நான் ஏறவில்லை என்று பலகையில் போட்டதும்தான் ஆள் வைத்துச் சில்வர் லேஸ் மேல் போட்டாராம்.

மே 23, திங்கள்

நேற்று முழுக்கப் படுத்தே கிடந்தேன். இன்று விடியற்காலையில் ராமாத்தா காபி கொண்டுவந்தபோது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நாலு ராத்தல் என் பிழைப்பைத் தின்றுவிட்டது, கூடைக்கு நாலு கழிக்கிறானாம், நான் என்ன கூடையா என்று கத்தினேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்.

"ஏனுங்க, கூடை எத்தன ராத்தலுங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக முதுகில் சுமக்கிறாள், யாரும் நிறுத்ததில்லை. காலிக் கூடையை மாட்டினால் முள் பூஜ்யத்தில் நிற்கும், அதனால் கழிவு சரிதான் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆணி தடுத்தால் காலிக் கூடைக்கும் பூஜ்யம்தான், காற்றுக்கும் பூஜ்யம்தான்.

மத்தியான நிறுவைக்கு நானும் போனேன். வெறுமனே தொங்கினேன், 104. ராமாத்தாவின் காலிக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொங்கினேன், 106. கூடை இரண்டே ராத்தல். நாலு கழிக்கிறார்கள். இறங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. முப்பது பெண்கள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். கணக்குப்பிள்ளை இது பழைய வழக்கம் என்றார், அப்புறம் என்னை வெளியே போகச் சொன்னார்.

போகும்போது ராமாத்தா சொன்னாள், ரெஜிஸ்டரில் கணக்குப்பிள்ளையின் பெண்டாட்டி பேரும் தங்கச்சி பேரும் இருக்கிறதாம், அவர்கள் கொழுந்து பறித்து ஒருவரும் பார்த்ததில்லை. மிச்சக் கொழுந்து எங்கே போகிறது என்று இப்போது புரிகிறது என்றாள்.

மே 7-ஆம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். வயசாகிறது, கைவேகம் குறைந்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருக்கிறது.

மே 24, செவ்வாய்

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை குன்னூர் போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார். அதற்குள் முள்ளைத் திருப்பிவிட்டால் நம் பேச்சு எடுபடாது. கணக்குப்பிள்ளையின் பூட்டுக்குப் பக்கத்திலேயே பெண்கள் ஒரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். சாவி ராமாத்தா முந்தானையில். நிறுவை வேளையில் பத்துப் பேர் சுற்றி நின்று திறக்கிறார்கள்.

தெய்வசிகாமணி என்னைத் தேடி வந்தார். ஊருக்குப் போக ரயில் செலவு தருகிறேன், உங்களுக்கு எதற்கு இந்தத் தோட்டத்து வம்பு என்றார். எனக்கும் அதுதான் புரியவில்லை.

மே 26, வியாழன்

துரையைப் பார்த்தோம். ராமாத்தா பேசினாள், நான் சீட்டை நீட்டினேன். அவர் சீட்டைப் படித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். எடை கூடி இறக்கப்பட்ட ஜாக்கி நீதானே என்றார். நான் இறக்கப்பட்டதும் அவரும் சில்வர் லேஸ் மேல் இரண்டு மடங்கு போட்டாராம். இந்த மலையில் என்னால் ஜெயிக்காதவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கிறது.

சனிக்கிழமைச் சீட்டை வைத்து வியாழக்கிழமைத் தராசைச் சந்தேகிக்க முடியாது, நடுவில் நீ எவ்வளவு தின்றாயோ என்றார். நியாயம்தான். சனிக்கிழமை ரேஸுக்கு வருகிறேன், எடை அறையில் என் எதிரே உட்கார், அங்கிருந்து நேராக என் ஜீப்பில் கொட்டகைக்குப் போவோம் என்றார். இல்லாத ஆட்களுக்குத் தான் கூலி கொடுப்பது பற்றி ராமாத்தா சொன்னதில்தான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் ராமாத்தாவிடம் கேட்டேன், அதுவரை நான் சாப்பிடலாமா என்று. எத்தனை கூடினாலும் அங்கேயும் கூடும், இங்கேயும் கூடும், இடைவெளி நாலு மாறாது என்று யோசித்துப் பார்த்துச் சொன்னாள். அவள் பள்ளிக்கூடமே போனதில்லை.

மே 28, சனி

எடை அறைக்குள் நுழைந்தபோது ஷெரீப், நரோனா, இன்னும் பத்து ஜாக்கிகள். எல்லாருக்கும் முன்னால் பனியன் டவுசரோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ரோச் கற்களை அடுக்கிக்கொண்டே போனார். எட்டு ஸ்டோன் இரண்டு என்று உரக்கச் சொன்னார். யாரோ விசில் அடித்தான். ஒரு வாரத்தில் ஆறு ராத்தல். இந்த அறையில் இப்படி ஒரு எடையைக் கேட்டு நான் தலை குனியாதது இதுதான் முதல் தடவை.

எட்டு பதினாலு நூற்றுப் பன்னிரண்டு, கூட இரண்டு, நூற்றுப் பதினாலு. துரை அதைச் சிகரெட் பெட்டியில் எழுதிக்கொண்டார். ஜீப்பில் நேராகப் போனோம். கொட்டகையில் பெண்கள் காத்திருந்தார்கள். ராமாத்தா இரண்டாவது பூட்டைத் திறந்தாள். தொங்கினேன். முள் நூற்றுப் பத்தில் நின்றது. துரை கிட்டத்தில் வந்து பார்த்தார். பிறகு காலிக் கூடையோடு தொங்கச் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு.

தெய்வசிகாமணி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். துரை ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, தானே ஸ்டூலில் ஏறி, முள்ளை இரண்டு ராத்தல் முன்னால் திருப்பினார். ஆணியைப் பிடுங்கி எறிந்தார். ரெஜிஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளையைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்கால நிறுவையோடு ராமாத்தாவுக்கு நாற்பத்திரண்டு. அதிலும் பாதி நாள் பழைய முள்.

மே 29, ஞாயிறு

நாளை ரயில். நரோனாவிடம் காலை ஓட்டத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். ரஞ்சிதத்துக்குக் கார்டு போட்டேன், வருகிறேன் என்று ஒரே வரி. இன்னும் ஒரு கோப்பை ஏறியிருக்கலாம் என்ற எரிச்சல் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

காலையில் ராமாத்தா வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் வந்ததிலிருந்து கோப்பை அன்று தராசின் குட்டு வெளிப்பட்டது வரை, அந்த மூன்று வாரத்தில் மட்டும் தன்னிடமிருந்து எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னாள். பென்சிலை எடுத்தேன். ஒரு நிறுவைக்கு இரண்டு ராத்தல். நாளைக்கு மூன்று நிறுவை, ஆறு. வாரத்துக்கு ஆறு நாள், முப்பத்தாறு. மூன்று வாரம், நூற்றெட்டு.

பழக்க தோஷத்தில் பதினாலால் வகுத்தேன். ஏழு பதினாலு தொண்ணூற்றெட்டு, மீதி பத்து.

மறுபடி வகுத்தேன். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ரோச்சின் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு ஸ்டோன் பத்து.

அவளிடம் சொன்னேன், என்னைப் போல ஒரு முழு ஆள் என்று. கோப்பை அன்றைக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே, அந்த ஆள், தலை முதல் கால் வரை, மூன்று வாரத்துக்கு ஒருத்தன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முதல் நாள் இட்லிக் கணக்குச் சொன்னபோது பார்த்த அதே பார்வை.

"பன்னண்டு வருசமா சொமந்திருக்கறேனுங்க," என்றாள். "அதான் முதுகு இந்த வலி வலிச்சிருக்குது."

எழுந்து உள்ளே போனாள். இட்லிப் பானை திறக்கும் சத்தம் கேட்டது. எட்டு கொண்டுவந்து வைத்தாள், ஒரு ராத்தல். எல்லாவற்றையும் தின்றேன்.